யாரோ நினைக்கிறார்கள்

பேசக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் அந்தப் பெண். ஒரு மணி நேரத்துக்குப் பேசக்கூடாது, ஃபோன் பார்க்கக்கூடாது, எதையும் மெல்லக்கூடாது, நாற்காலியில் சும்மா சாய்ந்து கிடக்க வேண்டும், பாட்டில் தண்ணீரை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து முடிக்க வேண்டும். பேசினால் நாக்கும் தொண்டையும் வேலை செய்யுமாம், வேலை நடக்கிற இடத்துக்கெல்லாம் ஊசியில் ஏற்றிய மருந்து ஓடுமாம், அப்புறம் ஸ்கேன் படத்தில் கட்டி எது நாக்கு எது என்று குழம்பிப்போகுமாம். வராந்தாவில் இதைக் கேட்டதும் தெய்வாத்தாள் சிரித்துவிட்டாள். "இவருக்கா சொல்றீங்க சிஸ்டர்? கல்யாணம் ஆன நாள்ல இருந்து இதுக்குத்தானுங்க ஒத்திகை பாத்துட்டிருக்காரு." அந்தப் பெண்ணும் சிரித்தாள். கழுத்து அட்டையில் மஞ்சு என்று இருந்தது. நாச்சிமுத்து சிரிக்கவில்லை. பொது இடத்தில் தன்னை வைத்து மற்றவர்கள் சிரிக்கும்போது முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பது அவருக்கு எழுபது வயதுக்கு மேலாகியும் பிடிபடவில்லை. கதவு கனமான கதவு, உள்ளே ஈயத் தகடு வைத்துச் செய்ததாம். மூடியபோது சத்தமே வரவில்லை, அழுத்தம்தான் காதில் அடித்தது. அவர் உடம்பில் இருந்து கதிர் வெளியே போய்விடக் கூடாது என்று அந்தக் கதவு. ஆயுள் முழுக்க யாருக்கும் ஒரு தொந்தரவு கொடுக்காதவர், இன்றைக்குக் கிட்டே போனால் ஆகாது. சின்னப் பிள்ளைகளிடமும் கர்ப்பிணிகளிடமும் சாயங்காலம் வரைக்கும் நெருங்கக்கூடாதுங்கப்பா என்றாள். அப்பா. இந்த ஆஸ்பத்திரியில் நரை கண்ட எல்லோரும் அப்பாதான். ரத்தம் எடுக்கிறவனுக்கும் அப்பா, தள்ளுவண்டிக்காரனுக்கும் அப்பா, கையெழுத்துப் போடுங்கப்பா, சட்டையைக் கழற்றுங்கப்பா. பெற்ற மகள் ஒருத்தி மட்டும் அந்தச் சொல்லை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போய்விட்டாள். பாட்டில் கை எட்டும் தூரத்தில் இருக்கிறது. குடிக்க வேண்டும். குடிக்கத்தான் பயமாக இருக்கிறது.

பயம் இருமலுக்கு இல்லை. இருமலோடு மூன்று வருஷம் குடும்பம் நடத்தியாகிவிட்டது. முதல் தடவை வந்தது எப்படி என்று இன்றைக்கும் கண் முன்னால் நிற்கிறது. விளக்கு வைக்கிற நேரம், சமையலறை வாசற்படியில் நின்று சொம்பை அண்ணாந்து பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். வாயில் பாத்திரம் படக் குடிக்கிற பழக்கம் அவருக்கு இல்லை, எச்சில் பண்ணிக் குடிக்கிறவர்களைக் கண்டாலே முகம் சுளிப்பார், தன் சொம்பை இன்னொருத்தர் தொடவும் விடமாட்டார். நாலாவது மடக்கில் பிடித்தது. மூக்கு வழியாகவும் கண் வழியாகவும் தண்ணீர், மூச்சு போய் மூச்சு வரவில்லை. தெய்வாத்தாள் ஓடிவந்து உச்சந்தலையில் நாலு தட்டுத் தட்டினாள். "புரையேறுது. ஆரோ நெனைக்கறாங்க." அடங்கியதும் அவர் முகத்தைப் பார்க்காமல் முந்தானையால் தரையைத் துடைத்தபடியே சொன்னாள், "வேற ஆருங்க நெனைக்கப்போறா. நம்ம அம்மிணிதான்." அவர் போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டார். நெஞ்சில் எரிச்சல் இருந்தது, அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது, அதற்குப் பெயர் வைக்க அவருக்குக் கூச்சம். மகள் வளர்மதி அந்த நேரத்துக்கு ஓசூரில் வேலைவிட்டு வந்திருப்பாள். கால் முகம் கழுவியிருப்பாள். குழாயைத் திறக்கும்போது நினைத்திருப்பாள். குழாயைத் திறந்தால் அப்பன் ஞாபகம் வராமல் எப்படி இருக்கும், திட்டுவதற்காகவாவது வரும். திட்டினாலும் நினைப்பு நினைப்புதான். மறுநாள் அதே நேரத்துக்குச் சொம்பை எடுத்துக்கொண்டு அதே படிக்கு வந்தார். தாகமில்லை, குடித்தார். இருமல் வந்தது. அதற்கு அடுத்த நாள் வரவில்லை. அவளுக்கு என்ன வேலையோ. அதற்கு அடுத்த நாள் இரண்டு தடவை வந்தது, நேற்றையதையும் சேர்த்து நினைத்தாள் போல என்று கணக்கை நேர் பண்ணிக்கொண்டார். அப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு மனுஷன் பைத்தியமாவதற்குப் பெரிய காரணமெல்லாம் வேண்டாம், ஒரு சொம்புத் தண்ணீர் போதும்.

போன வாரம் இந்த ஆஸ்பத்திரி டாக்டர் படம் வரைந்து காட்டினார். நல்ல மனுஷன்தான், ஆனால் அவர் கண்ணில் ஒரு சந்தோஷம் தெரிந்தது, அபூர்வமான பொருள் கையில் கிடைத்தவனின் சந்தோஷம். மூச்சுக்குழாய் கீழே இறங்கி இரண்டாகப் பிரிகிற இடம், இடப்பக்கக் கிளை, அதன் வாயில் பென்சிலால் ஒரு உருண்டை. "இது நுரையீரல்ல சாதாரணமா வர்ற புற்று இல்லீங்க. வாயில எச்சில் ஊறுதில்லீங்களா, அதுக்குச் சுரப்பி இருக்கும். அதே மாதிரி சின்னச் சின்னச் சுரப்பி மூச்சுக்குழாய்ச் சுவத்துலயும் இருக்குது. அதுல கிளம்பியிருக்கு. வாய்க்குள்ள வர வேண்டிய கட்டி நெஞ்சுக்குள்ள வந்திருக்குன்னு வெச்சுக்கங்களேன். ஆயிரம் பேர்ல ஒருத்தருக்குக்கூட வராது." பின்னால் நின்ற இரண்டு மாணவர்கள் எட்டிப் பார்த்தார்கள். தெய்வாத்தாள் கேட்டாள், "இவரு பீடி சிகரெட்டுத் தொட்டதில்லீங்களே சார்?" "அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லீங்கம்மா." சம்பந்தம் இல்லை. ஒரு தப்பும் செய்யாதவனுக்கு, எச்சில் என்றால் ஒதுங்கிப் போகிறவனுக்கு, எச்சில் சுரக்கிற இடத்துக்கட்டி எச்சிலே போகக்கூடாத இடத்தில் வந்து குடியேறியிருக்கிறது. இதில் எந்த நியாயத்தைத் தேடுவது? பீடி குடித்திருந்தாலாவது பீடியைத் திட்டலாம். நாச்சிமுத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். அதையும் மேஜையைப் பார்த்துக் கேட்டார். "எத்தனை வருஷமா இருக்குமுங்க?" "இது மெதுவா வளர்ற ஜாதி. மூணு வருஷம் இருக்கலாம், நாலும் இருக்கலாம். இத்தனை நாளா ஆஸ்துமான்னு மருந்து குடுத்திருக்காங்க பாருங்க, நிறையப் பேருக்கு அப்படித்தான் ஆகுது." "தண்ணி குடிச்சா புரையேறுமுங்க," என்றாள் தெய்வாத்தாள், இவர் சொல்லமாட்டார் என்று தெரிந்து. டாக்டர் பென்சிலால் உருண்டையைத் தட்டினார். "அது புரை இல்லீங்கம்மா. இதுதான்."

இதுதான். மூன்று வருஷமாக விளக்கு வைக்கிற நேரத்துக்குப் படியில் வந்து நின்று அப்பா என்று கூப்பிட்டது இதுதான். பென்சிலால் போட்ட ஒரு உருண்டை. அவள் கோபம், அவள் ஞாபகம், குழாயடியில் அவள் நிற்கிற நிற்பு, எல்லாவற்றையும் ஒரு சுரப்பி நடத்திக் காட்டியிருக்கிறது, தெருக்கூத்துக்காரன் ஒருவனே ராஜாவும் ராணியுமாக வந்து போகிற மாதிரி. இவர் முன்வரிசையில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். இதைவிடக் கேவலம் ஒன்று உண்டு, அது தெய்வாத்தாளுக்கும் தெரியாது. போன வருஷம் ஈரோட்டு டாக்டர் வாயில் வைத்து உறிஞ்சுகிற மருந்து கொடுத்தார். முதல் வாரம் உறிஞ்சினார், மூச்சுக் கொஞ்சம் லேசானது, இருமல் பாதியாகக் குறைந்தது. சாயங்காலம் சொம்பை முழுக்க அண்ணாந்து குடித்தார், சீராக உள்ளே போயிற்று. மறுநாளும் போயிற்று. அப்போதுதான் பயந்தார். மறந்துவிட்டாளோ. மூன்றாம் நாள் முதல் மருந்தைக் கையில் எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போய் செம்பருத்திச் செடிக்கு அடித்துவிட்டு வந்தார். "உறிஞ்சுனீங்களா?" "ம்." அந்த ஒரு ம் போதும் தெய்வாத்தாளுக்கு, நாற்பது வருஷமாகப் போதும். இருமல் திரும்பி வந்தது. வரவேற்றார். சளியில் ஒரு நாள் கோவைப்பழச் சிவப்பில் நூல் மாதிரி ஓடியது, அதைத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். மகள் கண்ணீரோடு நினைக்கிறாள் போல என்றுகூடத் தோன்றியது. தூ. கிழட்டுப் புத்தி. ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் கட்டி இவ்வளவு அடைத்திருக்காது என்று அந்த இரண்டு மாணவர்களில் ஒருவன் மற்றவனிடம் சொன்னது காதில் விழுந்தது. காது மட்டும் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது.

காதை வைத்துத்தானே பிழைத்தார். எட்டாவதோடு படிப்பு நின்றது, நகராட்சியில் வால்வு திறக்கிற வேலை கிடைத்தது. ஆள் உயர இரும்புச் சாவி, தெருமுனையில் மூடியைத் தூக்கிவிட்டு உள்ளே விட்டுத் திருகினால் வீதிக்குத் தண்ணீர் ஓடும். எங்கேயாவது வரவில்லை என்றால் ஒரு கம்பியைத் தரையில் ஊன்றி மறுமுனையில் காதை வைப்பார். அடைப்பு என்றால் ஒரு சீழ்க்கை, உடைப்பு என்றால் ஒரு இரைச்சல், அவருக்குத் தெரியும். படுத்தால் நெஞ்சில் இடப்பக்கம் மட்டும் சீழ்க்கை அடிப்பது எத்தனையோ மாதமாகக் கேட்கிறது. "ஏனுங்க, உங்க நெஞ்சுக்குள்ள ஆரோ விசிலடிக்கறாங்க," என்று தெய்வாத்தாள் அவர் முதுகில் காதை வைத்துச் சொன்னாளே. அடைப்பு என்று தெரியாதா? ஊரான் வீட்டுக் குழாய் என்றால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். தெரிந்துகொள்ள இஷ்டமில்லை, அவ்வளவுதான். ஏசி குளிர்கிறது. போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டார். கூரையில் ஒரு ஒலிபெருக்கி, மூலையில் ஒரு கேமரா, அந்தப் பெண் எங்கிருந்தோ பார்த்துக்கொண்டிருப்பாள். ஒலிபெருக்கி கரகரத்தது. "அப்பா, தண்ணி குடிக்கவே இல்லையே நீங்க. குடிக்கணும்." தலையை ஆட்டினார். பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். இடப்பக்கம் திருகினால் திறக்கும், வலப்பக்கம் திருகினால் மூடும், வால்வும் அப்படித்தான். மகள் பிரிந்துபோன அந்தக் கோடையில் எட்டு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர், ஒவ்வொரு வீதிக்கும் நாற்பது நிமிஷம். ஊர் முழுக்க ஒரே கணக்கு. வளர்மதி வாக்கப்பட்டிருந்தது மேட்டு வீதி. குழாய் ஏற்றத்தில் ஏறி வளைந்து போய்ச் சேர்வதற்குள் கால் மணி போய்விடும், அவர்களுக்குக் கிடைப்பது மிச்சம்தான். அது அவருக்குத் தெரியும். தெரிந்தால்? சட்டம் திறந்த நேரத்தைத்தான் கேட்கும், போய்ச் சேர்ந்த நேரத்தைக் கேட்காது.

"பத்து நிமிஷம் சேத்தி உடுங்கப்பா." வயிற்றில் ஆறு மாதம், இடுப்பில் குடம், தெருமுனைக்கு வந்து நின்றாள். "என்ற ஊட்டுக்கு மட்டும் கேக்கலீங்க. வீதிக்கே கேக்கறேன். இன்னும் ஏழு ஊட்டுல ஒரு குடம்கூட ரொம்பலீங்கப்பா." அவள் பின்னால் பெண்கள் கூட்டம். ஒருத்தி சொன்னாள், "மவ கேக்கறா, உடாம இருப்பாரா?" இன்னொருத்தி, "உட்டா நமக்கும் யோகம்." அதுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. மகள் கேட்டதால் விட்டான் என்று ஒரு சொல் வந்துவிடும். சாவியை வலப்பக்கம் திருகினார். நாற்பதாவது நிமிஷம் முடிந்திருந்தது. யாரையும் பார்க்காமல் இறுக்கித் திருகினார். குழாய் அடித் தொண்டையில் இழுத்து இழுத்து நின்றது. "பெத்த புள்ளைக்கே ஊத்தாத மனுசன், நமக்கா ஊத்துவாரு, வாங்கடி." வளர்மதி மட்டும் போகவில்லை. இடுப்பில் இருந்த அரைக்குடத்தை இறக்கி அவர் காலடியில் கவிழ்த்தாள். மெதுவாக, ஒரு சொட்டு மிச்சமில்லாமல். "இதையும் எடுத்துக்கங்க. கணக்குக் கொறஞ்சிரப்போவுது." செருப்புக்குள் தண்ணீர் சளசளத்தது. அன்றைக்கு மீதி எல்லா வீதிக்கும் அந்த ஈரச் செருப்போடுதான் போனார். அவள் தலைச்சன் பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு வரவில்லை. புருஷனுக்கு ஓசூரில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வேலை என்று குடி போய்விட்டார்கள். பேத்தி பிறந்ததாம், இப்போது அதுவே பள்ளிக்கூடத்தில் பெரிய வகுப்பாம். தெய்வாத்தாள் எப்போதாவது அவர் காதில் விழட்டும் என்று சுவரிடம் சொல்லுவாள். அவர் கேட்டதில்லை. பத்து நிமிஷம் விட்டிருந்தால் அடுத்த வீதிக்காரன் சும்மா இருப்பானா? அவனுக்கும் விட்டால் அதற்கு அடுத்தவன்? அவர் செய்தது சரி. அன்றைக்கும் சரி, இன்றைக்கும் சரி. சரியாக இருப்பதில் இவ்வளவு தாகம் இருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

பாட்டிலை வாய்க்கு மேலே தூக்கினார். ஒரு மடக்கு. காத்திருந்தார். ஒன்றுமில்லை. ஒலிபெருக்கி, "மெதுவாப்பா, வாய் வெச்சே குடிங்க," என்றது. வாய் வைக்கவா? இனிமேல் என்ன எச்சில், உள்ளேயே அதுதானே குடியிருக்கிறது. ஆனாலும் அண்ணாந்துதான் குடித்தார். காலையில் கூட தெய்வாத்தாள் கேட்டாள், வராந்தாவில் ஃபோனை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே, "அம்மிணிகிட்ட ஒரு வார்த்தை சொல்லிரட்டுங்களா? ஆபரேசன்னு ஆனா, குழாய அறுத்துத் தெச்சுப் போடறாங்களாம். அவளும் வந்து நிக்கோணுமில்லீங்க." "சொல்லாதே." "ஏனுங்க?" "சொல்லித்தான் நெனைக்கோணும்னா, அது நெனைப்பா?" அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். வால்வை மூடியவரைப் பார்க்கிற பார்வை. இன்றைய ஸ்கேனில் கட்டி அந்த ஒரு இடத்தோடு நின்றிருந்தால், அடைத்த துண்டை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைப்பார்கள். அந்த வேலை அவருக்குப் புரியும். பரவியிருந்தால் தைக்க ஒன்றுமில்லை, கதிர் சிகிச்சை என்று கரண்டு வைப்பார்கள், பார்ப்பார்கள். உயிர் இருக்கவேண்டும் என்று ஆசை இருக்கிறதா? இருக்கிறது, வெட்கமில்லாமல் இருக்கிறது. ஆனால் வெட்டி எடுத்துவிட்டால் இருமல் நின்றுவிடும். அப்புறம் விளக்கு வைக்கிற நேரத்துக்கு யார் வருவார்கள்? எல்லாமே கட்டியாகவா இருந்திருக்கும்? அத்தனை சாயங்காலத்தில் ஒன்றுகூட வளர்மதியுடையது இல்லையா? தை மாதம் ஒரு நாள் அதிகாலையில், தண்ணீரே குடிக்காமல், தூக்கத்தில் வந்ததே, அன்றைக்கு அவள் பிறந்தநாள். அதையாவது தனியே எடுத்து வைக்கலாமா? பேத்திக்கு அம்மை போட்டிருந்ததாகத் தெய்வாத்தாள் சுவரிடம் சொன்ன நாளில் மூன்று தடவை. அதையும் வைக்கலாமா? கல்லையும் அரிசியையும் முறத்தில் பிரிப்பதுபோலப் பிரித்துக்கொண்டே போனார், கடைசியில் முறத்தில் எது கல் என்றே தெரியவில்லை. கதவு திறந்தது. "நேரமாச்சுங்கப்பா. வாங்க."

ஸ்கேன் அறை இன்னும் குளிர். ஒரு குறுகிய பலகை, பெரிய வளையம். கையைத் தலைக்கு மேலே தூக்கி வைத்து ஒரு பட்டையால் கட்டினாள். "இருவது நிமிஷம். ஆடக்கூடாது. முக்கியமா இருமக்கூடாதுப்பா, நெஞ்சு ஆடுனா படம் மங்கிரும், அப்புறம் கட்டி எங்க நிக்குதுன்னு டாக்டருக்குத் தெரியாது. புடிச்சுக்குவீங்களா?" தலையை ஆட்டினார். பலகை உள்ளே நகர்ந்தது. கொஞ்ச நேரம் சீராகத்தான் போயிற்று. பிறகு தொண்டைக்குழிக்குக் கீழே அது அசைந்தது. அவருக்குத் தெரிந்த அசைவு, படி ஏறி வருகிற மாதிரி, முதலில் ஒரு நமைச்சல், அப்புறம் ஒரு கூச்சம், அப்புறம் கதவைத் தட்டும். கையைக் கட்டியிருக்கிறது, நெஞ்சைப் பிடிக்க முடியாது. மூச்சை அடக்கினார், சீழ்க்கை கேட்டது. இப்போது வேண்டாம். இத்தனை நாள் வா வா என்று கூப்பிட்டவன்தான், இப்போது வேண்டாம். கட்டி என்று தெரிகிறது, டாக்டர் பென்சிலால் தட்டிக் காட்டியாகிவிட்டது, இருந்தும் கட்டியிடம் எப்படிப் பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை, அவளிடம் பேசத்தான் பழக்கம். அம்மிணி, நெனைக்காதே. கொஞ்ச நேரம் என்னை நெனைக்காம இரு. பாதி நேரம் போயிருச்சு. இன்னும் பத்து நிமிஷம். பத்தே பத்து நிமிஷம் உடு கண்ணு. சொல்லிய பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது. வளையத்துக்குள் மூச்சு நின்றுபோய்க் கிடந்தார். இப்போது அவள் சாவியைத் திருகலாம். திருகினால் நியாயம். தொண்டையில் அது நின்றது, யோசித்தது, பிறகு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிப் போய்விட்டது. வரவில்லை. முடிகிற வரைக்கும் வரவே இல்லை.

"சூப்பர்ப்பா, ஒரு இருமல் இல்ல," என்று பட்டையை அவிழ்த்தாள் மஞ்சு. "படம் பளிச்சுன்னு வந்திருக்கும். டாக்டர் சாயங்காலம் சொல்லுவாரு." கால்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விட்டுக் கொடுத்துவிட்டாள். அல்லது அங்கே யாருமே இல்லை. இரண்டில் எது என்று கேட்க உலகத்தில் ஒரு ஆள்தான் உண்டு. வராந்தாவில் தெய்வாத்தாள் எழுந்து வந்தாள், தள்ளி நிற்க வேண்டுமோ என்று இரண்டடியில் தயங்கினாள், அப்புறம் என்ன ஆனாலும் ஆகட்டும் என்று வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் முகத்தில் என்ன பார்த்தாளோ, கேட்காமலே ஃபோனை எடுத்தாள். பெயரைத் தேடி விரலை அதன் மேலே நிறுத்திக்கொண்டு பார்த்தாள். "போடட்டுங்களா?" வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. அந்தப் பக்கம் போவோர் வருவோரைப் பார்த்தார், தன் செருப்பைப் பார்த்தார். மிச்சத் தண்ணீர் இருந்த பாட்டிலை எடுத்தார். அண்ணாந்து ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் காத்திருந்தார். சீராக உள்ளே போயிற்று. "ஏனுங்க, போடட்டுங்களா?" "இரு. இதைக் குடிச்சு முடிச்சுக்கறேன்," என்று மறுபடியும் பாட்டிலைத் தூக்கினார்.